தோல்ஜாபி: என் ஓட்டு நூலுக்கு

நாலு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. காரணம் சோம்பேறித்தனம் பாதி, வீட்டுல இருக்கற குட்டி மேனேஜர் மீதி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டேட்டஸ் மீட்டிங் போடற மேனேஜரை நீங்க பார்த்திருக்கீங்களா? எங்க வீட்டுல இருக்கு :-)

அந்த மேனேஜருக்கு அடுத்த மாசம் ஒரு வயசு முடியுது. நாங்க இருக்கறது கொரியாவுல, சுவோன் பக்கம். இங்க பொட்டி தட்ட வந்து மூணு வருஷம் ஆச்சு. பொண்ணு பொறந்ததும் இங்கதான். அதனால முதல் பிறந்தநாளை இந்த ஊர் வழக்கப்படியே கொண்டாடலாம்னு தங்கமணி சொல்லிட்டாங்க. எனக்கும் சம்மதம்தான். சிக்கல் எங்கே வந்துச்சுன்னா, குழந்தை முன்னாடி வைக்கிற தட்டுல என்னென்ன பொருள் வைக்கிறதுங்கற இடத்துல. ஆபீஸ்ல ஒரு கட்சி, ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரு கட்சி, வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி. என் கட்சியோட கொள்கை விளக்கம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்.

கொரிய மொழியில முதல் பிறந்தநாளுக்குப் பேரு 'தோல்'. (நம்ம தோல் இல்ல. அதை உரிக்கறது அப்புறம், பள்ளிக்கூடம் போனப்புறம்.) அன்னிக்கு வைக்கிற விருந்து 'தோல்ஜான்ச்சி'. குழந்தைக்கு ஹான்போக் உடுத்தி, கைப்பகுதியில வானவில் மாதிரி பட்டை பட்டையா வண்ணம் வெச்ச சட்டை போட்டு, இடுப்புல ஒரு சுருக்குப் பை கட்டி, தலைக்குக் குல்லா மாட்டி, அலங்காரம் பண்ணின மேசைக்கு முன்னாடி உட்கார வைப்பாங்க. மேசையில அரிசி மாவுப் பலகாரங்கள், பழங்கள். அதுல ஒரு பலகாரம் வெள்ளை வெளேர்னு இருக்கும், பேரு 'பேக்சொல்கி'. தூய்மைக்கு அது. இன்னொண்ணு சோள மாவை உருட்டி, சிவப்புப் பயறைப் பொடிச்சு மேல தூவினது. சிவப்பைக் கண்டா கெட்டது அண்டாதுங்கறது நம்பிக்கை. நம்ம ஊர்ல ஆரத்தி சுத்தறோமே, அதே சிவப்புதான்.

அப்புறம் வருது அன்னிக்கு முக்கியமான சமாச்சாரம். 'தோல்ஜாபி'ன்னு பேரு. 'ஜாபி'ன்னா பிடிக்கறது, எடுக்கறது. ஒரு தட்டுல பல பொருள்களைப் பரப்பி குழந்தை முன்னாடி வைப்பாங்க. குழந்தை எதை எடுக்குதோ அதை வெச்சு எதிர்காலத்தைச் சொல்லுவாங்க. நூல் எடுத்தா நீண்ட ஆயுசு. அரிசி எடுத்தா சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பணம்னா பணக்காரன். தூரிகையோ புத்தகமோ எடுத்தா படிப்பாளி. ஆண் குழந்தைன்னா வில்லும் அம்பும் இருக்கும். பெண் குழந்தைன்னா அந்த இடத்துல அளவுகோல், கத்தரிக்கோல், ஊசி. (எங்க அம்மா வீடியோ கால்ல இதைக் கேட்டுட்டு, "ஏன்டா, பச்சப்புள்ள கையில கத்திரிக்கோலா குடுப்பாங்க?"ன்னு பதறிட்டாங்க.)

இது கொரியாவுக்கு மட்டும் சொந்தமான வழக்கம்னு நினைக்காதீங்க. சீனாவுல ஆறாம் நூற்றாண்டுல யான் ஜிதுய்னு ஒருத்தர் தன் குடும்பத்துக்கு எழுதி வெச்ச அறிவுரை நூல்ல இதே சடங்கைச் சொல்லியிருக்கார். நம்ம பக்கத்துலயே வங்காளிகளும் தெலுங்குக்காரங்களும் சோறு ஊட்டற விசேஷத்தப்போ புத்தகம், பேனா, நகைன்னு குழந்தை முன்னாடி பரப்பி வைக்கறது உண்டு. ஆசியா முழுக்க அப்பா அம்மாக்களுக்கு ஒரே வியாதி போல :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் கருத்து இதுதான்: தோல்ங்கறது அடிப்படையில குழந்தை உயிரோட இருக்கறதுக்கு நன்றி சொல்ற விழா. அதை இப்போ நாம எல்லாரும் சேர்ந்து ஒரு கேம்பஸ் இன்டர்வியூவா மாத்திக்கிட்டு இருக்கோம். அது எனக்குப் பிடிக்கல.

ஏன் இப்படிச் சொல்றேன்னா...

இன்னிக்கு எந்த தோல்ஜான்ச்சிக்குப் போனாலும் தட்டுல இருக்கறது நீதிபதி தட்டற மர சுத்தியல், ஸ்டெதஸ்கோப், மைக், கம்ப்யூட்டர் மவுஸ், கோல்ஃப் பந்து, கால்பந்து, ரூபாய் நோட்டு (சரி, வோன் நோட்டு). சுத்தியல்னா நீதிபதி, ஸ்டெதஸ்கோப்னா டாக்டர், மைக்னா பாட்டு இல்லைன்னா டிவி, மவுஸ்னா நம்ம பொழப்பு. நூலும் இருக்கும். ஆனா ஓரத்துல, போட்டோவுக்கு அழகா இருக்கட்டுமேன்னு.

இதுக்குன்னே ஒரு பெரிய தொழில் இங்க நடக்குது. மேசை அலங்காரம், தட்டு, பொம்மைப் பொருள்கள் எல்லாம் பெட்டியில வாடகைக்கு வீட்டுக்கே வந்துரும். விசேஷம் முடிஞ்சதும் பேக் பண்ணித் திருப்பி அனுப்பணும். பெரிய ஹால் எடுத்துப் பண்றவங்க, நிகழ்ச்சி நடத்தறதுக்குன்னே மைக் பிடிச்ச ஆள் வைப்பாங்க. வந்தவங்க கையில சீட்டு குடுத்து, குழந்தை எதை எடுக்கும்னு யூகம் பண்ணச் சொல்லி, சரியாச் சொன்னவங்களுக்குப் பரிசு. கொரோனாவுக்கு அப்புறம் ஹால் கூட்டம் குறைஞ்சு, நெருங்கின சொந்தத்தோட சின்னதா பண்றது அதிகமாயிருக்கு. அது நல்ல மாற்றம்னுதான் சொல்லுவேன்.

எங்க டீம்ல ஒரு சீனியர் இருக்கார். இங்க சீனியரை 'சொன்பே'ன்னு கூப்பிடணும். அவர் பையனோட தோல்ஜான்ச்சிக்குப் போன வருஷம் போயிருந்தேன். பையன் நேரா நூலுக்குக் கையை நீட்டினான். கூட்டத்துல ஒரு 'அய்யோ' சத்தம். சொன்பேயோட மாமனார் மெதுவா குனிஞ்சு, நூலை நகர்த்தி வெச்சிட்டு ஸ்டெதஸ்கோப்பைக் கிட்டத்துல தள்ளினார். பையன் அதை எடுத்ததும் ஹாலே கைதட்டுச்சு. எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். தமாஷுக்குத்தான் பண்ணினாங்க, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனா வீட்டுக்கு வர்ற வழியில ரயில்ல உட்கார்ந்து யோசிச்சேன். நீண்ட ஆயுசை ஓரமாத் தள்ளி வெச்சிட்டு, வேலையைக் கையில குடுத்தோம். இதுல நாம எதைக் கொண்டாடினோம்?

இந்த விழா எதுக்கு வந்துச்சுன்னு கொஞ்சம் பார்ப்போம்.

கொரியாவுல தோலுக்கு முன்னாடி இன்னொரு கட்டம் இருக்கு. 'பேகில்', அதாவது நூறாம் நாள். ஏன் நூறு நாள்? ஏன் ஒரு வருஷம்? தடுப்பூசியும் மருந்தும் வர்றதுக்கு முன்னாடி, பிறக்கற குழந்தைகள்ல ரொம்பப் பேர் இந்த ரெண்டு கோட்டையும் தாண்டல. நூறு நாள் வரைக்கும் வெளி ஆளுங்க கண்ணுல காட்டாம வெச்சிருந்து, தாண்டினா ஒரு பெருமூச்சு. ஒரு வருஷம் தாண்டினா இன்னும் பெரிய பெருமூச்சு. அதுதான் விழா. அன்னிக்குக் காலையில 'சம்சின் ஹல்மொனி'க்குச் சோறும் கடல்பாசி சூப்பும் வெச்சுக் கும்பிடுவாங்க. ஹல்மொனின்னா பாட்டி. பிள்ளை குடுக்கறதும் காப்பாத்தறதும் அந்தப் பாட்டி தெய்வம். பிள்ளை பெத்தவளுக்கும் அதே கடல்பாசி சூப்புதான் வாரக்கணக்குல. இங்க யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் காலையில அந்த சூப் குடிக்கறாங்க. கேக் வெட்டறதுக்கு முன்னாடி, பெத்தவளோட பத்தியச் சாப்பாடு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கம் இது.

நூறாம் நாள் பலகாரத்தை நூறு வீட்டுக்குக் குடுத்தா பிள்ளைக்கு ஆயுசு கூடும்னு ஒரு நம்பிக்கை. வாங்கினவங்க தட்டை வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டாங்க. நூலோ அரிசியோ வெச்சுக் குடுப்பாங்க. பாருங்க, அதுலயும் நூல்.

அந்தக் காலத்துல குழந்தைக்கு வேணும்னே மட்டமான செல்லப்பேர் வைக்கறதும் இங்க உண்டு. 'கெத்தோங்'னு ஒரு பேரு. அர்த்தம் நாய்ப்பீ. அழகான பேரா இருந்தா கெட்டது கண்ணு வெச்சிடும்னு பயம். சிரிக்காதீங்க. நம்ம ஊர்ல குப்புசாமியும், பிச்சையும், மூக்கனும், தவிட்டுக்கு வாங்கின பிள்ளையும் எப்படி வந்தாங்க? முன்னாடி பொறந்ததெல்லாம் தங்காமப் போன வீட்டுல, இதுவாவது தங்கட்டும்னு வெச்ச பேருங்க. ரெண்டு ஊர் அம்மாக்களுக்கும் ஒரே பயம், ஒரே தந்திரம்.

இதெல்லாம் எனக்குப் புத்தக அறிவா மட்டும் இருந்திருந்தா இந்தப் பதிவு வந்திருக்காது. எங்க பொண்ணு எட்டு வாரம் முந்திப் பொறந்தா. 1.7 கிலோ. 26 நாள் இன்குபேட்டர்ல இருந்தா. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பார்க்கலாம், அதுவும் கையை முழங்கை வரைக்கும் கழுவி, கவுன் மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு. அந்த 26 நாள்ல இவ டாக்டராவாளா, நீதிபதியாவாளான்னு எனக்கு ஒரு தடவைகூடத் தோணல. மானிட்டர்ல ஓடற ஆக்ஸிஜன் நம்பர் 90-க்குக் கீழ போகாம இருக்கணும், அவ்வளவுதான். மூணு வருஷமா சர்வர் மானிட்டர் பார்த்துப் பழகின கண்ணு. எச்சரிக்கை மணி அடிச்சா என்ன பண்ணணும்னு தெரிஞ்ச ஆளு. அங்க ஒண்ணும் பண்ண முடியாம நின்னேன்.

நூறாம் நாள் பேக்சொல்கி வாங்கி எங்க அடுக்குமாடியில குடுத்தோம். நூறு வீடெல்லாம் இல்ல, பன்னிரண்டு வீடு. கீழ்த்தளத்துல தனியா ஒரு பாட்டி இருக்காங்க. எனக்கு அவங்க பேசற கொரியன் பாதிதான் புரியும். ரெண்டு நாள் கழிச்சுத் தட்டைத் திருப்பிக் குடுக்க வந்தாங்க. தட்டுல ஒரு வெள்ளை நூல் கண்டு. குழந்தையோட காலைத் தொட்டுப் பார்த்துட்டு ஏதோ சொல்லிட்டுப் போனாங்க. தங்கமணி அந்த நூலைச் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்காங்க. தட்டுல என்ன வைக்கறதுங்கற சண்டையில நான் எந்தப் பக்கம்னு அன்னிக்கே முடிவாயிருச்சுன்னு நினைக்கிறேன்.

உணர்ச்சிவசப்பட்டு எழுதறான்னு நினைக்கறவங்களுக்கு இனிமே கொஞ்சம் வரலாறு.

16-ஆம் நூற்றாண்டுல யி முன்-கொன்னு ஒரு அறிஞர். 1494-ல பொறந்தவர். அரசியல் களேபரத்துல மாட்டி 1545-ல நாடுகடத்தற மாதிரி சொங்ஜுங்கற ஊருக்கு அனுப்பிட்டாங்க. பெத்த பிள்ளைகள்ல பெரும்பாலும் நோயில போயிட்டாங்க. தங்கின ஒரு மகனுக்கும் சின்ன வயசுல வந்த காய்ச்சலால மூளை வளர்ச்சி பாதிப்பு. இந்த நிலைமையில 1551-ல ஒரு பேரன் பொறந்தான். தாத்தா அவனை வளர்க்கறதைப் பத்திக் கவிதைகளா ஒரு குறிப்பேடு எழுதினார். பேரு 'யாங்-ஆ-ரோக்', பிள்ளை வளர்த்த குறிப்பு. பல்லு முளைச்சது, தவழ்ந்தது, நடந்தது, பெரியம்மை வந்து பிழைச்சது எல்லாம் அதுல இருக்கு. (சுருக்கமாச் சொன்னா அந்தக் காலத்து குழந்தை வளர்ப்புப் பதிவர். நமக்கெல்லாம் முன்னோடி!)

பேரனோட தோல்ஜாபியும் அதுல இருக்கு. பையன் தூரிகையையும் மையையும் எடுத்தான். தாத்தாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், குடும்பம் மறுபடி படிப்புல தலைநிமிரும்னு. அப்புறம் என்ன ஆச்சு? பையன் வளர வளர படிப்புல கவனம் இல்ல. தாத்தா அடிக்கறார். பதின்ம வயசுல குடிக்க ஆரம்பிக்கறான். மறுபடி அடி. 1566-ல குறிப்பேடு முடியறப்போ தாத்தா தன் கோபத்தை நினைச்சுத் தானே வருத்தப்பட்டுட்டு இருக்கார். தூரிகை எடுத்த கை அது.

இன்னொரு கதை. 1791-ல அரசர் ஜொங்ஜோவோட மகனுக்கு அரண்மனையில தோல்ஜாபி நடந்தது அரச ஏடுகள்லயே பதிவாகியிருக்கு. இளவரசர் முதல்ல எடுத்தது வண்ண நூல். அப்புறம்தான் அம்பு, இசைக்கருவி. நூல்னா நூறு வயசு இல்லையா? அவர்தான் பின்னால சுன்ஜோ அரசர் ஆனார். 1834-ல, 44 வயசுல போயிட்டார்.

ஆக, தூரிகையும் பலிக்கல, நூலும் பலிக்கல. அப்போ நீ மட்டும் எதுக்குய்யா நூலுக்குக் கொடி பிடிக்கறேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. என் பதில்: இதை ஜோசியமா எடுத்துக்கிட்டா எல்லாப் பொருளும் ஒண்ணுதான், எல்லாமே வேஸ்ட். ஆனா தட்டுல என்ன இருக்குங்கறதைக் குழந்தை முடிவு பண்றதில்ல, நாமதான் முடிவு பண்றோம். ஒரு வயசுக் குழந்தை பளபளன்னு இருக்கறதை எடுக்கும், இல்ல பக்கத்துல இருக்கறதை எடுக்கும், இல்ல தட்டையே கவுத்து விடும். அதனால அந்தத் தட்டு குழந்தையோட எதிர்காலத்தைக் காட்டாது. பெத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு காட்டும். வேண்டுதலை எழுதி வெச்ச காகிதம் மாதிரி அது. என் வேண்டுதல் பட்டியல்ல முதல் வரி என்னவா இருக்கணும்ங்கறதுதான் இங்க கேள்வி.

இப்போ இந்த ஊர் நிலைமையைப் பாருங்க. 2024-ல பள்ளிப் பிள்ளைகளோட தனியார் டியூஷனுக்குக் கொரியக் குடும்பங்கள் செலவு பண்ணினது 29 லட்சம் கோடி வோனுக்கு மேல. டியூஷன் சென்டருக்கு இங்க 'ஹாக்வொன்'னு பேரு, தெருவுக்கு நாலு இருக்கு. ஆங்கில மழலையர் பள்ளியில சேர்க்கறதுக்கு நடத்தற தேர்வை 'நாலு வயசுத் தேர்வு'ன்னே கிண்டலாச் சொல்றாங்க. 'ஏழு வயசுத் தேர்வு'ன்னும் ஒண்ணு இருக்கு. 2025-ல டிவியில எல்லாம் பெரிய விவாதமே ஓடுச்சு. அதே நாட்டுல 1970-ல பத்து லட்சம் குழந்தைங்க பொறந்துச்சு. 2023-ல 2 லட்சத்து 30 ஆயிரம். ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. 2024-ல 0.75-க்கு ஏறினதையே ஒன்பது வருஷத்துல முதல் ஏற்றம்னு கொண்டாடினாங்க. காரணம் நிறைய இருக்கு, வீட்டு வாடகை, வேலை நேரம், பொண்ணுங்க மேல விழற சுமைன்னு. ஆனா என் கூட வேலை பார்க்கற கல்யாணமானவங்க கிட்ட ஏன்னு கேட்டா, முதல்ல சொல்றது பிள்ளையைப் படிக்க வைக்கிற செலவும் ஓட்டமும்தான். தட்டுல சுத்தியலும் ஸ்டெதஸ்கோப்பும் வைக்கறதால பிறப்பு விகிதம் குறைஞ்சுதுன்னு நான் சொல்லல (எஞ்சினியரிங் படிச்சவன்தான், அவ்வளவு மோசம் இல்ல!). அந்த ஓட்டப்பந்தயத்தோட துப்பாக்கிச் சத்தம் ஒரு வயசுலயே கேட்குதுன்னு சொல்றேன்.

நாம மட்டும் ஒசத்தியா? நமக்கும் தோல்ஜாபி நடந்துச்சே, பதினேழு வயசுல. அண்ணா பல்கலைக்கழகத்துல கவுன்சிலிங். 200-க்கு எவ்வளவு கட்-ஆஃப்னு நெத்தியில எழுதாத குறை. ஹால்ல கம்ப்யூட்டர் திரையில காலேஜ் பேரும் சீட்டும் ஓடும். சில நிமிஷத்துல ஒண்ணைத் தொடணும். பக்கத்துல அப்பா, "அதை எடு, அதை எடு"ன்னு. நான் எடுத்தேன். இன்னிக்குப் பொட்டி தட்டறேன். குறை சொல்லல, சோறு போடுது. ஆனா இன்னொரு தட்டை என் பொண்ணு முன்னாடி நானே கொண்டு போய் வைக்கணுமான்னு ஒரு யோசனை.

எதிர்க்கட்சி வாதங்களையும் சொல்லிடறேன், இல்லைன்னா சொன்பே கோவிச்சுக்குவார்.

ஒண்ணு, "இது வெறும் விளையாட்டுப்பா. தாத்தா பாட்டியெல்லாம் கத்தறதும் சிரிக்கறதும்தான் விசேஷமே." உண்மைதான். அந்தச் சிரிப்பை நானும் விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா நூலும் அரிசியும் வெச்சாலும் அதே சிரிப்பு வரும். குழந்தை அரிசியை அள்ளி வாயில போட்டா இன்னும் அதிகமாவே வரும்.

ரெண்டு, "பழைய தட்டு மட்டும் சுத்தமா? தூரிகைன்னா அரசுத் தேர்வுதானே." இதையும் ஒத்துக்கறேன். தாத்தா யி முன்-கொன் ஆசைப்பட்டதும் அதுக்குத்தான். பேராசை இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு இல்ல.

மூணு, இது தங்கமணியோட வாதம், இதுக்குத்தான் என்கிட்ட முழு பதில் இல்ல. "பழைய தட்டுல என் பொண்ணுக்கு ஊசியும் அளவுகோலும்தான். வில்லு பையனுக்கு மட்டும். புதுத் தட்டுலதான் பொண்ணுக்கும் சுத்தியல் வெச்சாங்க. உனக்கு நூல் மேல பாசம்னா, அதுக்காக அவளுக்குக் கிடைச்ச சுத்தியலைப் பிடுங்கிடாதே." நான் வாயை மூடிக்கிட்டேன். ஒரு பொண்ணு முன்னாடி நீதிபதி சுத்தியல் வைக்கறதுக்கு இந்த ஊர் ரொம்ப வருஷம் எடுத்துக்கிச்சு. பழசு எல்லாம் பொன்னு இல்ல.

பொன்னுன்னதும் ஞாபகம் வருது. தோலுக்கு இங்க மொய் தங்க மோதிரம். ஒரு 'தோன்', அதாவது 3.75 கிராம், நம்ம அரைப் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. குழந்தை போடறதுக்கு இல்ல. நாளைக்குக் கஷ்டம் வந்தா வித்துச் சாப்பிட. நம்ம தாய்மாமன் போடற நகை மாதிரியே. அது குழந்தைக்கு மட்டுமில்ல, ஒரு தடவை நாட்டுக்கே உதவுச்சு. 1997 கடைசியில பொருளாதாரம் கவுந்து சர்வதேச நிதியத்துக்கிட்ட கடன் வாங்கினப்போ, 1998 ஆரம்பத்துல ஜனங்க வீட்டுத் தங்கத்தைக் கொண்டு வந்து குடுத்தாங்க. சுமார் 35 லட்சம் பேர், 227 டன். அதுல கல்யாண மோதிரங்களோட சேர்ந்து இந்தக் குட்டி தோல் மோதிரங்களும் நிறைய. 2025-ல ஒரு தோன் விலை 6 லட்சம் வோனைத் தாண்டினதுல, இப்போ ஒரு கிராம் மோதிரம், இல்லைன்னா கவர்ல பணம்னு இறங்கியிருக்காங்க. நான் சொல்ல வர்றது, நூல், அரிசி, மோதிரம் இந்த மூணும் ஒரே ஆசையைத்தான் சொல்லுது: இரு, சாப்பிடு, கஷ்டம் வந்தாலும் தாண்டிடு. பெரிய ஆளாகு அப்படின்னு அதுல எதுவும் சொல்லல.

கடைசியா ஒரு சின்ன விஷயம். 2023 ஜூன் வரைக்கும் கொரியாவுல பிறந்த உடனே குழந்தைக்கு ஒரு வயசுன்னு கணக்கு வைக்கறது வழக்கம். ஜனவரி 1 வந்தா எல்லாருக்கும் ஒரு வயசு கூடும். டிசம்பர் 31-ஆம் தேதி பொறந்த குழந்தைக்கு மறுநாள் ரெண்டு வயசு! 2023-ல சட்டம் கொண்டு வந்து அரசு வேலைகளுக்கெல்லாம் உலகக் கணக்கையே பொதுவாக்கினாங்க. ஆனா அந்தப் பழைய கணக்கு இருந்த காலத்துலயும் தோலை மட்டும் முழுசா ஒரு வருஷம் சுத்தி வந்த நாள்லதான் கொண்டாடினாங்க. மத்த எல்லாத்துக்கும் எப்படி வேணா கணக்கு போடலாம். இதுக்கு மட்டும் நாலு பருவமும் நிஜமாவே தாண்டியிருக்கணும். அந்த ஒரு வருஷத்துக்கு இருந்த மரியாதை அது.

எங்க வீட்டுத் தட்டு பேச்சுவார்த்தை ஒருவழியா இப்படி முடிஞ்சிருக்கு. நடுவுல நூல், கீழ்வீட்டுப் பாட்டி குடுத்ததே. பக்கத்துல ஒரு கிண்ணம் அரிசி, அம்மா ஊர்ல இருந்து அனுப்பின பொன்னி. ஒரு புத்தகம், ஏன்னா வீட்டுல ரெண்டு பேரும் படிக்கறவங்க. ஒரு வில்லு, பையனுக்கு மட்டும்னு யாரு சொன்னாங்கன்னு தங்கமணி போட்ட நிபந்தனை. அளவுகோலும் இருக்கும், அது அவங்க பாட்டி தையல் மெஷின்ல சம்பாதிச்சு மூணு பிள்ளைகளை வளர்த்ததுக்கு மரியாதை. சுத்தியல், ஸ்டெதஸ்கோப் ரெண்டும் இல்ல. அவளுக்கு வேணும்னா பின்னால அவளே கேட்டு வாங்கிக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். மவுஸ் வைக்கணும்னு டீம்ல ஒத்தைக் கால்ல நின்னாங்க. வைக்க முடியாதுன்னு சொல்லிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்.

கோயில்ல முடி எடுக்கறது, காது குத்தறது, தாய்மாமன் மடி எல்லாம் லீவுக்கு ஊருக்கு வர்றப்போ. அதுல எந்தக் கட்சியும் இல்ல, அம்மா சொன்னா சொன்னதுதான்.

நம்ம மக்கள்ல வெளியூர்ல பிள்ளை வளர்க்கறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. அந்த ஊர் சடங்குல எதை எடுத்துக்கிட்டீங்க, எதை விட்டீங்க? தங்கமணியோட மூணாவது வாதத்துக்கு யார்கிட்டயாவது பதில் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. விசேஷத்துக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. அதுக்குள்ள தட்டுல மாற்றம் வரலாம். நூல் மட்டும் நகராது.